அடித்த வரி படிக்கத் தெரியணும்

தேவிகுளம்
23 செப்டம்பர் 2024

அன்புள்ள சிவசங்கரிக்கு,

மதினி எழுதுகிறேன். நானும் உன் மகளும் சுகம். உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா? வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வை என்று ஓணத்துக்கு வந்தபோதே சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியாதா உன்னை.

நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து மோனிஷா போனில் "ம்", "சரி", "சாப்பிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். நானும் பார்த்தேன். பேசவும் வழியில்லை. குவார்ட்டர்ஸில் ரேஞ்சு கிடையாது, ஜீப் ஸ்டாண்டு திருப்பத்துக்குப் போனால்தான் கிடைக்கும். அங்கே பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் தம்பி செல்லத்துரை ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து போய்ச் சேர்ந்து, நீ பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலைக்கு இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. தாயும் மகளும் இப்படி "ம்" சொல்லியே காலம் தள்ளக் கூடாது. அதனால் என் நான்காம் வகுப்பில் கடிதம் எழுத வைக்க ஆரம்பித்துவிட்டேன். உன் மகள் மட்டும் அல்ல, வகுப்பு முழுக்க எழுதுகிறது.

எழுதுவது சுலபம். எழுதியதை மறுபடி பார் என்றால்தான் முகம் தொங்கிப் போகிறது. திருத்து என்று சொன்னால் அடி வாங்கியது போல நிற்கிறார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். நான் சட்டம் போட்டேன்: ரப்பர் கூடாது, எல்லா ரப்பரும் என் டப்பாவுக்குள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதணும். மாற்றணும் என்றால் மேலே ஒரே ஒரு கோடு. அடித்த வரி படிக்கத் தெரியணும். சில சமயம் அடித்ததுதான் நல்ல வரியாக இருக்கும், யார் கண்டது.

மோனிஷா மூன்று முறை மாற்றி எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு உன் மகளா எழுதினாள் என்று அசந்து போவாய். பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது, ஐந்தாவதுக்கு எங்கே என்பதை வரும் ஜூனுக்கு முன்னால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே மண்டையை உடைக்காதே.

உன் மதினி,
மூக்கம்மாள்

*

எலப்புள்ளி
6 அக்டோபர் 2024

மதினிக்கு வணக்கமுங்க.

இங்கே சுகம். கால் வீக்கம் வடிந்தது. உப்பு வைத்ததால் இல்லை, பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டதால். உங்களுக்கு இருமல் எப்படி இருக்கிறது? அங்கே மழை விட்டதா?

கடிதம் வந்தது. கேண்டீனில் பிரித்துப் படித்தேன். "பேரன்புமிக்க அம்மா அவர்களுக்கு, தங்கள் அன்பு மகள் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். நான் நன்றாகப் படித்து வருகிறேன்." கோபித்துக்கொள்ளாதீங்க மதினி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பிள்ளை என்னை வாழ்நாளில் "தங்கள்" என்று சொன்னது கிடையாது. "ஏய் அம்மா" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருதாத்தாக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணு, பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து வந்த கடுதாசியா?" என்று கேட்டார்.

மூன்று முறை மாற்றினாள் என்றீர்கள். முதல் முறை என்ன எழுதியிருந்தாள்? நீங்கள் வாத்தியார், உங்களுக்குத் தெரியும். எனக்கு அவள் பல்லு ஆடுகிறதா, விழுந்துவிட்டதா என்று தெரிந்தால் போதும்.

கடிதத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். சிரித்தேனே தவிர, தினமும் பார்க்கிறேனுங்க.

சிவசங்கரி

*

தேவிகுளம்
21 அக்டோபர் 2024

சிவசங்கரிக்கு,

சுகம்தான். இருமல் போய்விட்டது, உன் கடிதத்தைப் படித்ததும் வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. பஞ்சாயத்து ஆபீஸ் கடிதமா? அந்த மருதாத்தாளை ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் எல்லார் கடிதத்தையும் எடுத்து வைத்துப் படித்தேன். எல்லாரும் நலம், எல்லாருக்கும் ஆவல். ரேஷன் கடையை யானை உடைத்த அன்று எழுதின கடிதத்தில்கூட "யானை வந்தது. ஓடினோம். அனைவரும் நலம்." அவ்வளவுதான். நான் "இன்னும் நன்றாக எழுது, இன்னும் நன்றாக எழுது" என்றால், பாவம், அதுகளுக்குத் தெரிந்த நல்லது பாடப்புத்தகத்துக் கடிதம்தான். ஒவ்வொரு திருத்தத்திலும் சொந்த வரியை அடித்துவிட்டுப் புத்தக வரியை எழுதியிருக்கிறார்கள். நானும் "சபாஷ்" போட்டிருக்கிறேன். என்னத்தச் சொல்ல.

இப்போது வேறு வழி. இரண்டு இரண்டு பேராக உட்காரணும். ஒருத்தர் படிக்கணும், மற்றவர் கேள்வி மட்டும் கேட்கணும். நல்லா இருக்கு, தப்பா இருக்கு என்று மூச்சு விடக் கூடாது. கேள்விக்கு வாயால் பதில் சொல்லக் கூடாது, பென்சிலால்தான்.

மோனிஷாவுக்கு ஜோடி பவ்யா. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். மோனிஷா "நான் சுகமாக இருக்கிறேன்" என்று படித்ததும் பவ்யா, "சுகம்னா ஏன் தினம் சாயங்காலம் பஸ் வர்ற நேரத்துக்குக் கேட்டுல போய் நிக்க?" என்றாள்.

"அது உனக்கு எதுக்குட்டி?" என்று இவள் சீறினாள்.

"வாயால சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க. எழுது."

மணியடித்தும் உன் மகள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. என்ன எழுதினாள் என்று நான் படிக்கவில்லை, மடித்து அப்படியே வைத்திருக்கிறேன். பல் விழுந்துவிட்டது. அதுவும் எழுதியிருப்பாள்.

மூக்கம்மாள்

*

எலப்புள்ளி
10 நவம்பர் 2024

அன்புள்ள மதினி,

இங்கே காற்று ஆரம்பித்துவிட்டது, கம்பெனி வாசலில் நின்றால் சேலை நம் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி சுகம். அங்கே குளிருக்கு நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்கீங்களா?

கடிதத்தை பஸ்ஸில் வைத்துப் பிரித்தது என் தப்பு. "கேட்டில் நிற்பது ஹாரன் சத்தம் கேட்க" என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாள். மேலே, "அது பொய். நீ இறங்குவியோன்னு நிக்கிறேன். நீ வரமாட்டேன்னும் தெரியும்." எலப்புள்ளியில் இறங்காமல் கொழிஞ்சாம்பாறை வரை போய்த்தான் இறங்கினேனுங்க. கண்டக்டர், "என்னங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். இல்லீங்க, எம்புள்ளை எழுதிருக்கு என்று சொல்லிவிட்டு நின்றேன்.

மதினி, உங்கள் வகுப்புக்கு நான் கடமைப்பட்டவள். இதை மனதார எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். கொழிஞ்சாம்பாறையில் சந்தைக்குப் பின்னால் இரண்டு ரூம் வீடு பார்த்திருக்கிறேன். அங்கே பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டு. சித்தப்பா பையன் நல்லதம்பி பள்ளி வேன் ஓட்டுகிறான், ஏற்றி இறக்கிவிடுவான். இனி பகல் ஷிப்டுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஜூனில் ஐந்தாவதுக்கு மோனிஷாவைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நானாக முடிவு பண்ண மாட்டேன். அவளையே கேட்டு, அவளே எழுதட்டும். வருகிறேன் என்றாலும் சரி, அங்கேயே இருக்கிறேன் என்றாலும் சரி, நான் ஏற்றுக்கொள்வேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு அனுப்பி வையுங்க, வீட்டையும் பார்க்கட்டும்.

சிவசங்கரி

*

தேவிகுளம்
6 ஜனவரி 2025

சிவசங்கரிக்கு,

நலம். இங்கே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. குழாயில் காலையில் தண்ணீர் வருவதில்லை. மோனிஷாவுக்குச் சளி பிடித்திருந்தது, அதனால் லீவுக்கு அனுப்பவில்லை. மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவாள், எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது தேவலை.

ஆண்டு விழாவுக்கு நாடகம் பழக்குகிறோம். மோனிஷாதான் ராணி. அட்டையில் கிரீடம் செய்து கொடுத்தேன், அதைக் கழற்றாமல் சோறு தின்கிறாள். வேலை அதிகம், கடிதம் எழுத நேரமில்லை. பொங்கலுக்குப் புதுத் துணி எடுத்துவிட்டேன், நீ அனுப்ப வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மூக்கம்மாள்

*

எலப்புள்ளி
17 ஜனவரி 2025

மதினிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்கணும்.

உங்கள் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் இருக்கிறது, கிரீடம் இருக்கிறது, நான் கேட்டது இல்லை. பவ்யா கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் மோனிஷா குளிரைப் பற்றி எழுதியிருந்தால் உங்கள் வகுப்பில் விடுவீங்களா?

கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்க மாட்டேன். லீவுக்கு வருவாள் என்று கட்டிலுக்குப் போர்வை வாங்கி, முறுக்குச் சுட்டு வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நல்லதம்பி வேறு எனக்குத் துணையாக நின்றான். சளி என்று நீங்கள் போன் பண்ணியபோது பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சளி பிடித்த பிள்ளை அப்படிச் சிரிக்காதுங்க.

அவர் போன பிறகு என்னையும் பிள்ளையையும் தாங்கியது நீங்கள். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது. என் மகள் என்ன சொன்னாள்?

சிவசங்கரி

*

தேவிகுளம்
9 பிப்ரவரி 2025

சிவசங்கரி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பீரோ மேல் வைத்துவிட்டு, வீட்டில் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். சுகமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை, அதனால் நேராக எழுதுகிறேன்.

மோனிஷா நவம்பர் கடைசியிலேயே எழுதிவிட்டாள். இந்த முறை நான் படித்தேன். "அம்மாகிட்ட வரணும். அத்தைக்கு யாரும் இல்லை. ஆனாலும் வரணும்." இவ்வளவுதான்.

பவ்யாவுக்கு அன்று அம்மை போட்டிருந்தது. "நானே உனக்கு ஜோடியா இருக்கேன்" என்று உட்கார்ந்தேன். நான் ஒரு வரி சொல்லிக் கொடுக்கவில்லை. பென்சிலைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டேன். "அங்க உன் கூட விளையாட யாரு இருக்கா?" ஒரு கோடு போட்டாள். "அம்மா வேலைக்குப் போயிட்டா வீட்டுல யாரு?" இன்னொரு கோடு. "அப்பா ஓட்டுன ரோடெல்லாம் இங்கதானே இருக்கு?" இதை நான் கேட்டேன், சிவசங்கரி. செத்துப் போன தம்பியை இழுத்து நடுவில் நிறுத்தினேன். மூன்றாவது தாளில் "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று எழுதி என் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப சரியா அத்தை?" என்று கேட்டாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் தபால் ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அதை அனுப்ப மனச்சாட்சி விடவில்லை, முதல் தாளை அனுப்ப மனம் விடவில்லை. சளி இரண்டு நாளில் போய்விட்டது. லீவுக்கு அனுப்பினால் திரும்ப மாட்டாளோ என்று பயந்தேன். எனக்கு அவளை விட மனமில்லை. பள்ளி விட்டு வரும்போது கூடவே ஒரு பை ஆடிக்கொண்டு வருகிறது, அந்தச் சத்தம் இல்லாமல் இந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தெரியவில்லை.

இருபத்தாறு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். சிவப்புப் பேனா இல்லாமலேயே ஒரு பிள்ளையின் கடிதத்தை எனக்கு வேண்டியபடி மாற்றிவிட்டேன். மூன்று தாளையும் அனுப்புகிறேன். அடித்ததெல்லாம் படிக்கத் தெரியும்.

மூக்கம்மாள்

*

எலப்புள்ளி
20 பிப்ரவரி 2025

மதினி,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அதை முதலில் எழுதுங்கள்.

முதல் நாள் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மருதாத்தாக்கா, "திட்டீட்டீல்ல, போதும், இப்ப சோறு தின்னு" என்று தட்டை நகர்த்தினார். அவள் அப்பாவைச் சொல்லிக் கேட்டது ரொம்பத் தப்புங்க. அதை நான் இப்போதைக்கு மறக்க மாட்டேன், எழுதிவிடுகிறேன்.

ஆனால் நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. தை மாதம் போனில், "புதுக் கட்டில் இருக்குது, டிவி இருக்குது, அம்மாவுக்குத் தனியா இருக்கப் பயமா இருக்குது, நீ என்ன கண்ணு சொல்ற?" என்று கேட்டேன். அவளுக்கு எங்கே இஷ்டமோ என்று உங்களிடம் எழுதிவிட்டு, பிள்ளையிடம் இப்படிக் கேட்டேன். அவள் "ம்" என்றாள். அந்த "ம்"முக்கு இப்போது அர்த்தம் தெரிகிறது.

இப்படிச் செய்யலாம். அவள் இன்னொரு முறை எழுதட்டும். பவ்யா மட்டும் கூட இருக்கட்டும், அந்தப் பிள்ளைக்குத்தான் நம் இருவரிடமும் பயமில்லை. நீங்கள் தாளும் ஸ்டாம்பும் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். தபால் பெட்டியில் அவளே போடட்டும். என்ன வந்தாலும் நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். நீங்களும் கேட்கக் கூடாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சிவசங்கரி

*

தேவிகுளம்
3 மார்ச் 2025

அம்மாவுக்கும் அத்தைக்கும்,

நான் சுகமா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் சுகமா?

ஒரே கடிதத்தை ரெண்டு தடவை எழுதியிருக்கிறேன், ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அத்தைக்கு. கை வலிக்கிறது. அத்தை ஒரே வீட்டில் இருந்தாலும் அதுக்கும் கடிதம் தபாலில்தான் வரும். பவ்யா அப்படித்தான் சொன்னாள்.

அத்தை வெளியே போனது. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தது. பவ்யா ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

நீங்க ரெண்டு பேரும் உன் இஷ்டம் உன் இஷ்டம் என்று சொல்கிறீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். அம்மா போனில் பார்க்கிறது, எனக்குத் தெரியும்.

பவ்யா கேட்டாள், அங்கே யாரு இருக்கா. அம்மா இருக்கிறது. இங்கே யாரு இருக்கா. அத்தை, பவ்யா, நம்ம நாய், அப்பா போன ரோடு. இங்கேதான் நிறைய இருக்கிறது. ஆனாலும் அம்மாகிட்டப் போகணும். ஏன் என்று பவ்யா கேட்டாள். ஏன் என்று தெரியவில்லை, அம்மா என்பதால்தான்.

அப்புறம் பவ்யா கேட்டாள், அத்தை அழுதா என்ன செய்வ. போகமாட்டேன் என்று எழுதினேன். அதை அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறதா? நானும் அழுவேன். ஆனால் போவேன்.

இதற்கு மேல் மாற்றமாட்டேன்.

மோனிஷா, நான்காம் வகுப்பு

*

தேவிகுளம்
12 மார்ச் 2025

அன்புள்ள சிவசங்கரிக்கு,

நான் சாப்பிடுகிறேன். நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிட்டேன். உனக்கும் கடிதம் வந்து சேர்ந்திருக்கும். நீ அழுதிருப்பாய், போன் பண்ணாமல் இருந்தாயே, அதற்கு என் நன்றி.

எனக்கு வந்தது சனிக்கிழமை. போஸ்ட்மேன், "என்ன டீச்சர், இங்கயே எழுதி இங்கயே வருது?" என்று கேட்டுக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். மோனிஷா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள். நான் பிரித்ததைப் பார்த்ததும் வெங்காயத்தை விட்டுவிட்டாள். நான் நின்றபடியே படித்தேன். முடித்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தேன். அழுகை வந்தது. முதுகைத் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், பிறகு எதற்கு என்று அவள் முன்னாலேயே அழுதேன். அவளும் அழுதாள், கடிதத்தில் சொல்லியிருந்தபடியே.

எல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, கேள்வி கேக்கப் போறியா?" என்றாள். எவ்வளவு பயம் அந்த முகத்தில். அந்தப் பயத்தை அங்கே வைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை.

கேள்வி கேட்கக் கூடாது என்று நீ எழுதியது ஞாபகம் இருந்தது. ஆனாலும் ஒன்று கேட்டேன், மன்னித்துக்கொள்.

"உன் துணிமணியெல்லாம் பெரிய பையில ஒண்ணா வைக்கவா, ரெண்டு சின்னப் பையா வைக்கவா?"

அவள் உள்ளே போய், தன் பாவாடை சட்டை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பார்த்தாள். பொங்கல் துணியை ஒரு பக்கம் வைத்தாள், ஸ்வெட்டரை இன்னொரு பக்கம் வைத்தாள், மறுபடி இடம் மாற்றினாள். நான் கதவருகில் நின்றேன். பிறகு வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டு சின்னப் பை அத்தை. ஒண்ணு இங்கயே இருக்கட்டும்."

பரீட்சை முடிந்ததும் உடுமலை பஸ்ஸில் ஏற்றி நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு பைதான் தூக்கி வருவோம்.

மதினி,
மூக்கம்மாள்